நீலத்தில் இருந்தோம்

மாவு புளிக்க ஆறு மணி நேரம்.
ஹாப்சலுவில் ஜனவரி விடிய
அதைவிட அதிகம்.
இடையில் எங்களுக்கு இருந்ததெல்லாம்
விசைப்பலகையில் மாவு அப்பிய ஒரு கணினியும்
யாரும் எழுதலாம் என்று
திறந்தே கிடந்த ஒரு கலைக்களஞ்சியமும்.

முதலில் தொலைந்தவன் கைதோ.
ஈஸ்ட் எந்தச் சூட்டில் சாகும் என்று பார்க்கப் போனவன்
ஈஸ்டிலிருந்து பீருக்கு,
பீரிலிருந்து அதைக் காய்ச்சிய துறவிகளுக்கு,
துறவிகளிலிருந்து வழுக்கைக்கு,
வழுக்கையிலிருந்து கழுகுக்கு என்று போய்
மூன்று தட்டுக் கறுப்பு ரொட்டியைக் கரியாக்கினான்.
"எங்கடா இருந்தே?"
என்றாள் விர்வே.
"நீலத்துல."

தொட்டால் திறக்கும் சொற்களுக்கு அங்கே நீல நிறம்.
அன்றிலிருந்து
பால் வாங்கப் போய் பூட்டு வாங்கி வந்தவன்
நீலத்தில் இருந்தான்.
சொல்ல வந்ததை விட்டு
வேறெங்கோ சிரித்துக்கொண்டிருப்பவள்
நீலத்தில் இருந்தாள்.
மூன்று வாரத்தில் முறிந்த ஹெல்துரின் கல்யாணம்
குறுங்கட்டுரை.
ஊரில் நான்கு பேருக்கு ஆந்த்ரெஸ் என்று பெயர்;
"ஆந்த்ரெஸ் போய்ட்டானாம்" என்று யாராவது வந்தால்
அழுவதற்கு முன்
பக்கவழி கேட்டோம்.

ரேடியோவை அவள் குறைப்பாள், கைதோ கூட்டுவான்,
குறைப்பாள், கூட்டுவான்.
தொகுத்தல் போர்.
நான்தான் பக்கத்தைப் பூட்டினேன்:
ரேடியோ இப்போது வெண்ணெய்ப் பெட்டியில்.

அடுத்த மாதம் சம்பளம் கூடும் என்று
முதலாளி வந்து சொன்ன இரவில்
மாவுக் கைகளை உயர்த்தி
ஒரே குரலில் சொன்னோம்:
சான்று தேவை.
அவர் சிரிக்கவில்லை.
கூட்டவும் இல்லை.

ஒரு சொல்லை மட்டும்
லேலோ இருக்கும்போது எடுப்பதில்லை.
பெயர் இருக்கும், பின்னால் பக்கம் இருக்காது.
அதற்கு அங்கே சிவப்பு நிறம்.

லேலோவின் தம்பி ஏரிக்
சரக்குக் கப்பலில் ஏறிப் பதினோரு மாதம்.
கப்பல் திரும்பிவிட்டது.

புதிதாக வந்த ராக்னர்
எங்கள் பேச்சைப் பசியோடு கற்றவன்.
கடைசிப் பேருந்துக்கு நின்று நின்று பார்த்து
நடந்தே வந்து
காலணியின் பனியை உதறிக்கொண்டே
பெருமையாகச் சொன்னான்:
"அட்டவணையில இருக்கு, ரோட்டுல இல்ல.
பஸ் சிவப்பு."

கைதோ இருமினான்.
விர்வே துடைத்த மேசையையே
மறுபடி துடைத்தாள்.

லேலோ அடுப்புக் கதவைச் சாத்தவில்லை,
அனல் முகத்தில் அடிக்க நின்றாள்.
"ஏரிக் சிவப்பு இல்ல,"
என்றாள்,
யாரும் அவன் பெயரை எடுக்காதபோதே.
"குறுங்கட்டுரை.
தெரிஞ்சவங்க விரிவாக்கலாம்."

கொஞ்ச நேரம் மாவு மட்டும் உப்பிக்கொண்டிருந்தது.

காப்பியில் உப்புப் போடுவான், என்றான் ஹெல்துர்.
குடித்துவிட்டு ஒருநாள்
தேவாலய மணியை அடித்து ஊரை எழுப்பினான், என்றாள் விர்வே,
நானும் கூட இருந்தேன், அதை யாருக்கும் சொன்னதில்லை.
அவன் சைக்கிளில் பிரேக் கிடையாது, என்றேன்;
நிறுத்த வேண்டுமென்றால் வேலியில் மோதுவான்.
எனக்கு நாற்பது யூரோ தரணும், என்றான் கைதோ.

"சான்று தேவை,"
என்றாள் லேலோ.

சட்டைப் பையைத் துழாவினான்.
நிஜமாகவே ஒரு சீட்டு இருந்தது,
ஏரிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது,
சட்டையோடு துவைத்துத் துவைத்து
எழுத்தெல்லாம் போயிருந்தது.

அவள் அதை வாங்கி
விளக்குக்கு நேரே பிடித்து
மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.
திருப்பி, பின்பக்கத்தையும்.

"மூணாவது தட்டு புகையுது,"
என்றான் ராக்னர், யாரிடம் என்று தெரியாமல்.
"எடுக்கட்டுமா?"