கரண்ட் போன பிறகும்

முதலில் ஃபிரிட்ஜைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு சுவரில் செருகிக் கிடந்த சார்ஜரை.
உமையாளை எழுப்பிக் கேக்குதா என்றேன்.
என்னது என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதுவயல் முழுக்கக் கரண்ட் போன ராத்திரியில்
ஃபேன் நின்றது.
நெல் ஊறும் வாடை மட்டும் ஜன்னலில் வந்தது.
அது நிற்கவில்லை.
விசில் வரப்போகிற குக்கர்
வராமலே இருப்பது போல,
இரண்டு காதுக்கும் நடுவில் எங்கோ.

பத்தொன்பது வருஷம் பாலிஷர் பக்கத்தில் நின்றவன்.
காதுக்கு மூடி போடுய்யா என்பார் மேனேஜர்.
போட்டால் பெல்ட் இழுபடும் சத்தம் தெரியாது என்பேன்.
பெல்ட்டைக் காப்பாற்றிவிட்டேன்.

மில்லில் ஆளுக்கொரு வைத்தியம்.
பூண்டு காய்ச்சி எண்ணெய் விடு.
கோழி இறகை விட்டுச் சுழற்று.
யாரோ உன்னை நினைக்கிறார்கள்,
கடன் கொடுத்தவனாக இருக்கும்.
எல்லோரும் சிரித்தோம், அடைக்கலம் தவிர.
அவனுக்கு வலப்பக்கம் நின்று பேசியிருக்கிறோம்.
அந்தக் காது அவனுக்கு இல்லை.

போன தை மாதம், நெல் லாரிகள் வரிசை நின்றபோது,
ஒரு காலையில் எழுந்தான்,
வலது காதில் இரைச்சல் இருந்தது, வேறெதுவும் இல்லை.
சளி என்று நினைத்தான். லீவு கேட்கவில்லை.
மூன்று வாரம் கழித்துப் போனவனிடம்
மூன்று நாளில் வந்திருக்கலாமே என்றாராம் டாக்டர்.
அதை இடது காதால் கேட்டுக்கொண்டு வந்தான்.

அவன்தான் என்னைக் காரைக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

டாக்டர் ஜெசிந்தா எண்ணெய் விட்டீர்களா என்றார்.
பொய் சொன்னேன்.
ஒரு காதில் மட்டுமா?
நாடியோடு சேர்ந்து அடிக்கிறதா?
தலை சுற்றுகிறதா, முகம் ஒரு பக்கம் கோணியதா?
திடீரென்று கேட்காமல் போனதா?
இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல
அவர் பேனா மெதுவானது.
தூக்கம்? என்றார்.
அதற்குத்தான் பதில் சொல்ல நேரமானது.

கண்ணாடி அறையில் உட்காரவைத்து
சத்தம் வந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
வராதபோதும் அழுத்தினேன். என் சத்தம் அது.
காகிதத்தில் கோடு வலது ஓரத்தில்
ஊருணிப் படி மாதிரி இறங்கிப் போயிருந்தது.
காது அனுப்பாததை மூளை தானே இட்டு நிரப்புகிறது என்றார்.
போயிருமா?
போகாமலும் இருக்கலாம்.
நீங்க அதைக் கவனிக்கிறது குறையும்.

இப்போது மூடி போட்டுத்தான் நிற்கிறேன்.
நேற்று பெல்ட் அறுந்தது, எனக்குத் தெரியவில்லை.
எதிர்ப்பக்கமிருந்து ஓடிவந்து
தோளில் தட்டினான் அடைக்கலம்.