பன்னிரண்டு மணி நேரத்துக்கான விதிகள்

குவோப்பியோ நகரின் விளிம்பில் ஒரு கம்பளக் கிடங்கு.
பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
வாசலில் ஆறு ஜோடி பூட்ஸ்,
அவற்றின் பனி கரைந்து
தரையில் யாரும் கேட்காத ஒரு பந்தயத் தடம்.
மேஜை மேல் சமையலறைத் தராசு,
ஆறிப்போன காபி, என் பென்சில்.
தாளின் தலையில் 'விதி' என்று எழுதினேன்.
நல்லவேளை,
இந்த விதிக்கு ரப்பர் உண்டு.

எடை முதலில்.
ஆயிரத்து முந்நூற்றைம்பது கிராமுக்குக் குறையக்கூடாது
என்றான் இல்போ.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன்,
கனத்தின் மேல் மரியாதை உள்ளவன்.
தராசில் தார்மோவின் கார் எழுபது கிராம் குறைந்தது.
ஈயம் ஒட்டு.
எங்கே ஒட்டுவது?
நாக்கில் ஒட்டு, என்றாள் கைஸு,
கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.

டயர் கழகமே தரும், அணிக்கு மூன்று செட்.
நாலாவது கேட்டால் ஐந்து வட்டம் கழியும்.
இரவு இரண்டு முதல் ஐந்து வரை
கிடங்கின் விளக்குகள் அணையும்.
ஒவ்வொரு காருக்கும் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று,
எரியாவிட்டால் உள்ளே வந்து சரிசெய்ய வேண்டும்.
இதை ஒனர்வா சொன்னாள்.
ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இரவு வேலை அவளுக்கு,
அந்த நேரத்தில் ரத்தக் குழாய்களோடு
தனியாகக் கண் விழிப்பவள்.

ஓட்டாதவர்கள் தடத்தோரம் நிற்க வேண்டும்.
கவிழ்ந்த காரை நிமிர்த்தும்போது
யாருடையது என்று பார்க்கக்கூடாது.
(இதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.
போன வருடம் ஒரு நீலக் கார்
பதினோரு விநாடி மல்லாந்து கிடந்தது.
நின்றவர் பெயர் இங்கே வேண்டாம்.)

அப்போது நீலோ கேட்டான்.
பதினாறு வயது, தொண்டை இன்னும் உடைந்துகொண்டிருக்கிறது.
சக்கரத்தை மாற்றலாம், பல்சக்கரத்தை மாற்றலாம்,
மோட்டாரை, பேட்டரியை, மேல்கூட்டை மாற்றலாம்.
அப்படியானால்
காலையில் கோட்டைத் தாண்டுவது எந்தக் கார்?

காபி இயந்திரம் மட்டும் முனகியது.
வட்டங்களை எண்ணும் சில்லுதான் கார், என்றான் தார்மோ.
அதைக் கழற்றி என் பூனையின் கழுத்தில் மாட்டவா? இது கைஸு.
முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி
அடித்தட்டில் வந்து நின்றோம்.
தொடங்கும் முன் அதில் மஞ்சள் பொட்டு ஒன்று வைப்போம்.
உடையலாம், ஒட்டலாம்,
கம்பியால் கட்டியும் ஓட்டலாம்.
மாற்றக்கூடாது.

கடைசியில் மோட்டார்.
எல்லோருக்கும் ஒரே மாதிரி, இருபத்தொன்றரைச் சுற்று,
வேகம் குறைவு, விலையும் குறைவு,
நீலோவின் கைச்செலவுக்கு எட்டும்.
மூன்று கைகள் உயர்ந்தன. இரண்டு உயரவில்லை.
என் கை பாக்கி.
நான் மறுத்தால் சமன்,
சமன் என்றால் பழையபடி அவரவர் இஷ்டம்.

என் கோட்டுப் பையில்
தம்பெரேயிலிருந்து வியாழக்கிழமை வந்த பெட்டி,
பதின்மூன்றரைச் சுற்று, பிரிக்காதது.
ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்திருந்தேன்.
மற்றது மேலே போயிருந்தது.
பெருந்தன்மை என்று சொல்ல மாட்டேன்.
பென்சில் என்னிடம் இருந்தது,
எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
ரசீதும் பத்திரமாக இருந்தது.

கலையும் நேரத்தில் இல்போ இன்னொன்று சேர்க்கச் சொன்னான்:
பந்தயம் முடிந்ததும் கம்பளத்தைச்
சுருட்டாமல் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது.
தார்மோ உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.
ஒனர்வாவுக்கு அன்று காலை தூங்கியாக வேண்டும்.
கைஸு பூனைக்குச் சாப்பாடு என்றாள்.
கழற்றிய பூட்ஸை மறுபடி மாட்டியவர்கள்
மறுபடி கழற்றினார்கள்.
நான் தாளைத் திருப்பி
பென்சிலைச் சீவினேன்.