மிச்சம் என்ற தலைப்பில்

ஸ்காபரோவில், மல்வேர்ன் நூலகத்து நிலவறையில்
மாசி மாத இரண்டாம் ஞாயிறு,
பின்னேரம் மூன்று மணி.
பதினொரு கதிரை போட்டோம். ஒன்பது பேர் வந்தோம்.
வாசலில் சப்பாத்துகள்
உப்புத் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தன.

போன மாதம் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கைவிட்டுத்
துண்டெடுத்தவர் கஜமுகன்.
மிச்சம் என்று வந்தது.
எழுதிப் போட்டது யாரென்று
இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.
மரிசெல்லுக்கு அதை விளக்கப் போய்
நான்தான் மாட்டிக்கொண்டேன்:
சட்டியில் கிடப்பது,
வகுத்தால் வருவது,
கடைக்காரன் திருப்பித் தருவது.
‘ஒரே சொல்லா?’ என்றாள்.
பிறகு ஒரு மாதம் எங்களிடம் அகப்படவில்லை.

முதலில் தெவோன்.
இரவில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுபவன்.
கம்பியில் முறுக்கிய ஒரு கை,
விரல்களை விரித்தபடி, கம்பம் ஒன்றின் உச்சியில்.
கை இல்லை, கையுறை, என்றான்.
விழுந்ததை யாரோ எடுத்து
வேலியில் குத்திவிட்டுப் போவார்களே, அது.
கைதட்டினோம்.

அடுத்து மரிசெல்.
ஆஸ்பத்திரி வேலை முடிந்து நடக்கையில் எடுத்த படங்கள்.
பன்னிரண்டு.
பன்னிரண்டிலும் ஒற்றைக் கையுறை.
நாங்கள் சிரித்தோம். தெவோன் சிரிக்கவில்லை.

மூன்றாவதாகக் கஜமுகன் எழுந்து
சுருட்டிய தாளை விரிக்காமலே நின்றார்.
‘சொன்னால் நம்பமாட்டியள்.’

நீர்வண்ணம்.
நீல்சன் வீதி பஸ் தரிப்பு,
அதன் பின்னால் வலைக்கம்பி வேலி,
வேலியில் மஞ்சள் கம்பளிக் கையுறை ஒன்று.
கட்டைவிரலில் பச்சை நூலால் தைத்த தையல்.

‘அது என்ரை.’

கடைசிக் கதிரையில் இருந்து வந்தது குரல்.
எங்களில் ஒருவர் இல்லை அவர்.
பஸ் வர நாற்பது நிமிடம் என்றதும்
சூட்டுக்காகப் படியிறங்கி வந்து
மீன் றோல் ஒன்றும் எடுத்துக்கொண்டு
சுவரோரம் இருந்தவர். சிவகௌரி.
விமானநிலையச் சமையலறையில் தட்டு அடுக்குகிறார்.
‘வீட்டிலை பச்சை நூல்தான் கிடந்தது’ என்றார்,
ஏதோ நாங்கள் அதைத்தான் கேட்டதுபோல.

அதன்பிறகு ஓவியத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
எப்ப கண்டனீங்கள், எந்தப் பக்க வேலி,
இன்னும் கிடக்குமோ.
தாளின் மூலையில் எழுதியிருந்த விலையைப்
பெருவிரலால் மறைத்துக்கொண்டு
கஜமுகன் பதில் சொன்னார்.
ஆட வந்த நிலாயினி
சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு
வெண்பலகையில் சந்தியைக் கீறினாள்.
காவலர் வந்து ஒருமுறை
விளக்கை அணைத்துப் போட்டார்.
என் கவிதை கோட்டுப் பையில் இருந்தது.
அதில் கையுறை வரவில்லை, பழஞ்சோறு வந்தது.
வாசியுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

என் கார் அந்தப் பக்கம்தான் போகும், என்றேன்.
போகாது.

வேலியில் இருந்தது.
கஜமுகனின் மஞ்சள் இல்லை,
தெருவிளக்கின் கீழ் அதற்கு நிறமே இல்லை.
ஐந்து விரலும் கல்.
கம்பியிலிருந்து பிரிக்க
வீட்டுச் சாவியால் நெம்ப வேண்டியிருந்தது.

‘மற்றது வைச்சிருக்கிறியளோ?’

‘வியாழக்கிழமை குப்பையிலை போட்டனான்.
ஒண்டை வைச்சு என்ன செய்யிறது.’

காருக்குள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.
அவருடைய பஸ் எங்களைக் கடந்து போனது,
உள்ளே விளக்கெல்லாம் எரிய,
ஒரே ஒரு தலையோடு.
போகட்டும், என்றார்.

ஹீற்றரின் வாயருகே பிடித்திருந்தார் கையுறையை.
சின்னவிரல் முதலில் தளர்ந்தது.
பிறகு மோதிரவிரல்.
ஈரக் கம்பளி மணத்தது.
பச்சை நூல் ஓடிய கட்டைவிரல்தான்
இளக நேரமெடுத்தது.