முத்திரை

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நூற்றெண்பது ரூபாய்க்குச் செய்தது.
வட்டம். நடுவே எட்டு ஆரச் சக்கரம்.
சுற்றி விகாரின் பெயர், அடியில் 'தலைவர்'.
ஆரம் ஏழுதான் இருக்கிறதென்று
வீட்டுக்கு வந்து எண்ணியபோதுதான் தெரிந்தது.
பரவாயில்லை, மையில் யார் எண்ணப்போகிறார்கள்.

பிரபுதாஸிடமும் ஒன்று உண்டு.
அது நீள்சதுரம், பதிவு எண்ணோடு.
அவர் கூட்டிய பொதுக்குழுவில் அவர் தலைவர்,
நான் கூட்டியதில் நான்.
இரண்டிலும் வந்து டீ குடித்தவர்கள் பதினொரு பேர்.
கதவில் அவர் பூட்டு, அதன்மேல் என் பூட்டு,
இரண்டுக்கும் மேல் தாசில்தாரின் அரக்கு.
உள்ளே புத்தர்
வலக்கை விரலால் தரையைத் தொட்டபடி.
அந்த முத்திரைக்கு மை வேண்டாம்.

பந்தே போய் எட்டு மாதம்.
போகிற அன்று பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.
கீழே கௌண்டன்ய ஆறு,
சாக்கடையும் ஆகாயத்தாமரையுமாக.
"முதன்முதலில் புரிந்துகொண்டவர் பெயர் கொண்டஞ்ஞர்.
இந்தப் பெயர் யாரோ எதற்கோ வைத்தது,
ஆனாலும் கேட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான்" என்றார்.
"சாவி யாரிடம் பந்தே?" என்றேன்.
அவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இதைத்தான் என் மனுவில்
'வாய்மொழியாக என்னிடம் ஒப்படைத்தார்'
என்று எழுதியிருக்கிறேன்.

ஆடி பதினெட்டுக்கு நாலு நாள் கழித்து
லைன்மேன் பூங்காவனம் இறந்துபோனார்.
அன்றைக்கென்று கரன்ட் இல்லை,
ஐஸ் பெட்டி வியர்த்துக்கொண்டிருந்தது.
பந்தேவின் போன் அணைந்திருந்தது.
பெங்களூர் பிக்குவுக்கு மழைக்கால நோன்பு, வர முடியாது.
ஆம்பூரிலிருந்து பிரபுதாஸ் வரச்சொன்ன ஆள்
'இதோ மாதனூர்' என்று சொல்லியே
மூன்று மணி நேரம்.
என் ஆள்தான் சரணம் சொல்ல வேண்டுமென்று நானும்
அவர் ஆள்தான் என்று அவரும்
பிணத்தின் கால்மாட்டில் நின்று
விதிமுறை ஏழு, உட்பிரிவு இரண்டு பேசினோம்.
சட்டைப் பையில் முத்திரை இருந்தது.
எதன்மேல் குத்துவது என்றுதான் தெரியவில்லை.

தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்திருந்தாள் அஞ்சுகம்.
நகக்கண்ணில் மருந்து, இடுப்பில் டிபன் தூக்கு.
தூக்கைக் கீழே வைத்தாள்.
கையைக் கூப்பினாள்.
யாரையும் பார்க்காமல் முதல் சரணம் சொன்னாள்.
தம்மத்தில் மகரத்தை ஒரு மாத்திரை இழுத்துவிட்டாள்,
பந்தே இருந்தால் திருத்தியிருப்பார்.
மூன்றாவது வந்தது, சங்கம்.
வீடு முழுக்க, தெரு வரைக்கும்
நாற்பது ஐம்பது குரல் திருப்பிச் சொன்னது.
அதில் என்னுடையதும் இருந்தது.
எப்போது வாய் திறந்தேனென்று தெரியாது.
எதிரே பிரபுதாஸின் உதடும் அசைந்தது.

ஆற்றங்கரையில் மண் தள்ளிவிட்டுத் திரும்பும்போது
கேட்டேவிட்டேன்:
"உனக்கு யாரும்மா அதிகாரம் குடுத்தது?"
"எதுக்கு?" என்றாள்.
மறுத்துப் பேசவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை அவளுக்கு.
நான் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் நின்றாள்,
பிறகு 'ஷிப்ட் இருக்குண்ணா' என்று
தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று சத்துவாச்சாரி கோர்ட்டில் வாய்தா.
'உங்கள் சங்கத்துக்கு யார்தான் தலைவர்' என்று
நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.
இரண்டு வக்கீல்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.
புரட்டாசிக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு சீட் காலி,
பிரபுதாஸ் பக்கத்தில்.
டிக்கெட் இரண்டையும் அவரே எடுத்தார்.
பள்ளிகொண்டா வரை பேசவில்லை,
அப்புறம் அவருக்குச் சர்க்கரை ஏறியிருப்பது பற்றிப் பேசினோம்.
அவர் கண்ணயர்ந்ததும்
பையிலிருந்து எடுத்து டிக்கெட்டின் பின்னால் அழுத்தினேன்,
மை காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான்.
காயவில்லை.
ஏழு ஆரமும் சுத்தமாக விழுந்தன.
கீழே எழுத்தில் 'லை' மட்டும் பதியவில்லை.
பஸ் குலுங்கியிருக்கும்.