இதழ் ஏழு: திருத்தம்

செவ்வாய்க்கிழமை முட்டை நாள்.
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
ஐம்பத்தாறு முட்டை.
இரண்டு தரம் எண்ணினேன்.
சமையல் கொட்டிலுக்குப் பின்னால்
காகம் கிளறினதுபோகக்
கோதுகளையும் எண்ணினேன்.

கணக்குச் சரி.
அதனால் எழுதினேன்:
‘மற்ற அரை முட்டை எங்கே போகிறது?’
பிறிஸ்டல் மட்டையில், சிவப்புப் பேனையில்,
முத்தையன்கட்டு இடதுகரைப் பள்ளிக்கூடத்தில்
எங்கள் சுவர்ப் பத்திரிகையின் ஆறாம் இதழ்.

அதிபர் மூக்குக்கண்ணாடியை
நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.
“துணிஞ்ச பிள்ளை” என்றார்.
கண்ணாடிப் பெட்டியைத் தானே திறந்து
தானே குத்தூசி குத்தினார்.
அன்றைக்கு முழுக்க
என் தலை கூரைத் தகரத்தில் முட்டியது.

மறுநாள் சோறு பிந்தியது.
சமைக்கிற தவமலர் அக்கா வரவில்லை.
அவவின் மகன் கீர்த்திபன்
என் வாங்கிலிருந்து எழும்பிப்
பின்வாங்குக்குப் போனான்.
ஒன்றும் சொல்லவில்லை.
என் அடிமட்டம் அவனிடம் இருந்தது,
அதை மட்டும் திருப்பி வைத்தான்.

பின்னேரம் சைக்கிளை எடுத்தேன்.
வாய்க்கால் கட்டால் மூன்று கிலோமீற்றர்.
தவமலர் அக்கா மாட்டுக்குத்
தவிடு கரைத்துக்கொண்டிருந்தா.
கையைக் கழுவாமலே
கடைக்கொப்பியைக் கொண்டுவந்து விரித்தா.
மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி.
நாலு மாதமாய் ஒப்பந்தக் காசு வரேல்லை.
முட்டைக்காரர் கடனை நிப்பாட்டிப்போட்டார்.
பாதியெண்டாலும் பிள்ளையள் தின்னட்டும் எண்டு
கிடாய் ஒன்றை வித்தாவாம்.

“எண்ணத் தெரிஞ்ச பிள்ளைக்குக்
கேக்கத் தெரியேல்லையே” என்றா.
கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
தவிட்டுக் கை பட்ட இடத்தில்
பங்குனி மாதம் ஊறிப்போய்க் கிடந்தது.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று.
அரை முட்டையைக் கண்டுபிடித்த நான்
அரைச் செய்தியை அவித்து உரித்து
எல்லாருக்கும் பரிமாறியிருக்கிறேன்.

இரவே எழுதினேன், ஏழாம் இதழ்.
மேலே ‘திருத்தம்’,
போன இதழின் தலைப்பு எவ்வளவு பெரிதோ
அவ்வளவு பெரிதாய்.
யாரிடம் கேட்காமல் விட்டேன் என்று எழுதினேன்.
கேட்டபோது என்ன சொன்னா என்று எழுதினேன்.
கீர்த்திபனின் பெயரை எழுதி, வெட்டினேன்.
கிடாயைப் பற்றி எழுதலாமா என்று
விடியமுதல் போய் அவவிடமே கேட்டேன்.
“ஆட்டை விடு, காசை எழுது.”
எழுதினேன். நாலு மாதம்,
எந்த அலுவலகம், எந்தத் திகதிக் கடிதம்.

அதே அதிபர், அதே மூக்குக்கண்ணாடி.
இந்த முறை அது நெற்றிக்கு ஏறவில்லை.
“வெள்ளிக்கிழமை வலயத்தால வருகினம், பிள்ளை.”
“செய்தி பிழையோ, சேர்?”
“செய்தி சரி. நேரம் சரியில்லை.”
கண்ணாடிப் பெட்டியின் திறப்பு
மேசை லாச்சிக்குள் போனது.

சமையல்காரியைக் கேட்டால் துணிவு.
அலுவலகத்தைக் கேட்டால் நேரம் சரியில்லை.
இதைச் சொல்லத்தான் வாய் உன்னியது.
சொன்னது வேறு:
“உங்கட பதிலையும் போடலாம், சேர்.
இடம் விட்டிருக்கிறன்.”
அந்த வெறும் கட்டத்தை
அவர் கனநேரம் பார்த்தார்.
அவருக்கும் ஒரு கடைக்கொப்பி
எங்கேயோ இருக்கும்போல.
பேனையை மட்டும் எடுக்கவில்லை.

வியாழன், காலைக் கூட்டம்.
செய்தி வாசிப்பு பதினோராம் தரத்தின் முறை.
தேவாரம் முடிந்ததும் மேடையில் ஏறினேன்.
கையில் மட்டை, மட்டையில் காற்று.
‘திருத்தம்’ என்று தொடங்கி
இரண்டாம் வரி தாண்டவில்லை,
ஒலிவாங்கி செத்துப்போனது.
கரண்டா, ஆரும் கையா,
விசாரிக்காமல் எழுதமாட்டேன்.

முதிரை மரத்தடியில் கடைசி வரிசை,
மூன்றாம் தரத்துச் சின்னனுகள்,
நுனிக்காலில் எழும்பிக் கத்தினதுகள்:
“அக்கா, கேக்கேல்லை!
முதல்ல இருந்து வாசியுங்கோ!”

மட்டையை இரண்டு கையாலும் பிடித்து
முதலில் இருந்து வாசித்தேன்.