ஆம்பல் என்னும் எண்

நாவற்குழி வயற்பள்ளத்தில்
ஆம்பற்காய் ஒன்று அழுகத் தொடங்கியிருந்தது.
முழங்கால் சேற்றில் இறங்கிப் பிடுங்கி
லஞ்ச் சீற்றில் சுற்றிக்கொண்டு வந்தேன்.
பிதுக்கினால் வழுவழுத்த கூழ்,
கூழுக்குள்
கசகசாவிலும் சற்றே பெரிய விதைகள்.
பெர்னதெத் மூக்கைச் சுளித்தாள்:
"மீன் மணம் காணாதெண்டோ
இப்ப சேத்து மணமும்?"

முதல்நாள் எல்லாம் மிதந்தன.
பொக்கு என்று ஊற்றப் போனேன்,
வேலைக்கு நேரமாகிவிட்டது.
விடிய வந்து பார்த்தால்
மேலே ஒன்றுமில்லை.
கூழ் கரைந்து
எல்லாம் அடி மணலில்.

குருநகர் ஐஸ் கொம்பனியில் எனக்கு இரவு வேலை.
உப்புத் தண்ணீருக்குள் தகரப் பெட்டியை இறக்கி
நல்ல தண்ணீரை உறைய வைப்பது.
வீட்டிலோ
நல்ல தண்ணீரை வெயிலில் வைத்து
சூடு பார்க்கிறேன்.
எங்கள் கிணறு உவர்.
பவுசர் வரும் நாளில்
குடிக்க நாலு வாளி, பேசினுக்கு ஒரு வாளி.
பெர்னதெத் கலண்டரில் குறித்து வைக்கிறாள்.

பன்னிரண்டாம் நாள்
மெல்லிய பச்சை இழை ஒன்று.
இலை என்றேன்.
தலைமயிர் என்றாள்.
பிறகு அம்புமுனை போல ஒன்று,
செம்பு நிறத்தில், தண்ணீருக்குள்ளேயே,
மேலே வர அவசரமில்லாத இலை.
நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.

ஆறாம் கிழமை
சுகாதாரப் பரிசோதகர் கேதாரநாதன் வந்தார்.
வெள்ளைக் கரண்டியால் அள்ளி
ரோச் அடித்து,
"குடம்பி" என்றார். அவரும் எண்ணினார்.
நித்திரை முறியாமல் சறத்தைப் பிடித்துக்கொண்டு
"பூக்கண்டு ஐயா" என்றேன்.
"அது நுளம்புக்குத் தெரியுமோ?"
சிவப்பு நோட்டீஸ்.
இரண்டு நாளில் ஊற்றவேண்டும்.

ஊற்றவில்லை.
கஸ்தூரியார் வீதியில் ஆறு கப்பி மீன் வாங்கி விட்டேன்.
குடம்பி போனது.
முளை நுனிகளும் போயின.
பூக்கண்டு என்று
மீனுக்கும் தெரியவில்லை.
மிச்சம் மூன்று.

ஆம்பல் என்பது தமிழில் ஓர் எண்ணாம்.
கொம்பனிக் கணக்கர் யோகலிங்கம் சொன்னார்.
கோடிக்கும் மேலே, இன்னும் மேலே,
எத்தனை சைபர் என்று அவருக்கும் தெரியாது.
"அவ்வளவு ஐஸ் விக்கேலாது" என்று
பற்றுச்சீட்டுக் கட்டைப் புரட்டினார்.

புரட்டாதியில் ஒரு இரவு
பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது.
விரல் ஈரம். திரை கேட்கவில்லை.
திரும்ப எடுத்தபோது
"விரிஞ்சிட்டுது" என்றாள்.
நீலமோ என்றேன்.
"லைற் போட்டாச் சொல்லலாம்.
போட மனமில்லை."

ஆறரைக்கு வந்தேன். ஹெல்மெற் கழற்றவில்லை.
வெள்ளை.
நடுவில் மஞ்சள்.
எட்டு மாதமாய் நீலம் நீலம் என்றது நான்தான்,
காய் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தில் கதிரை போட்டு
பெர்னதெத் தூங்கிப்போயிருந்தாள்,
காலடியில் நுளம்புத்திரி
வளையம் வளையமாய்ச் சாம்பல்.
ஒன்பதரைக்கு அது மூடும்வரை
நான் படுக்கவில்லை.

நாலு இரவு.
ஐந்தாம் நாள் காம்பு வளைந்து
தலை தண்ணீருக்குள் போனது.
நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டி
காயைச் சுற்றிக் கட்டினேன்,
வெடித்தால் சிதறாதிருக்க.
வலையை வெட்டியதற்கு
இன்னும் பேச்சு விழுகிறது.

போன கிழமை கேதாரநாதன் மறுபடி வந்தார்.
கரண்டி விட்டார். மீனைப் பார்த்தார்.
தண்ணீருக்குள் முடிச்சைக் கண்டு
கனநேரம் குனிந்திருந்தார்.
"சனம் படுக்க வலை இல்லை,
காய்க்கு வலையோ" என்று
ஒன்றும் எழுதாமல் போனார்.

நாளைக்குப் பவுசர் வரும்.