நாற்பத்தேழு

முகத்துவாரத்து மடத்தில் என் எண் நாற்பத்தேழு.
சட்டைக் கழுத்தின் உட்புறம்
சிவப்பு நூலில் தைத்திருந்தார்கள்.
பெயர் அக்னேஸ். அதை யாரும் தைக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு பூசை முடியுமுன்
துறைமுகத்தின் மேல் வானம் கிழிந்தது.
செவ்வாய்க்கிழமை
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஒரு வெள்ளைக்காரர் வந்தார்.
எங்களை வரிசையாக நிறுத்திக்
கையிலிருந்த புகைப்படத்தையும் முகங்களையும்
மாறி மாறிப் பார்த்தார்,
மீன் வாங்குபவர் செவுளைத் திறந்து பார்ப்பதுபோல.
"இது" என்றார்.
பிறகு சந்தியாகுவைக் காட்டி,
"இதுவும்."

சந்தியாகு எனக்குத் தம்பியல்ல.
அன்று மாலையிலிருந்து தம்பி.

மருதானையில் குட்டி ரயில் ஏறினோம்.
தந்திருந்த சப்பாத்து ஒரு விரற்கடை சிறியது.
கடித்தது. சொல்ல முடியாது.
பேசக்கூடாது என்பதுதான் ஒரே விதி;
எந்த மொழியிலும் பேசக்கூடாது.

பாதுக்கைக்கு அப்பால், ரப்பர் மரங்களின் நடுவே
ஒரு பங்களா. நான்கு காவற்காரர்.
காலையில் ஆளுக்கு இரண்டு முட்டை அவித்துவைக்கும்
ஒரு கோக்கி.

கடல் தாண்டி எங்கோ ஒரு தீவாம்.
அதன் அரசனைப் பிடித்துவிட்டார்களாம்.
பிள்ளைகள் இரண்டும் கப்பலேறித் தப்பி வந்து
இந்தத் தோட்டத்தில்தான் ஒளித்திருக்கின்றனவாம்.
சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம்.
வேலிக்கு வெளியே பால் வெட்டும் பெண்கள்
வாளியை இறக்கிவைத்துவிட்டு
என்னைக் கும்பிட்டார்கள்.
நான் திருப்பிக் கும்பிடவில்லை.
அதையும் சொல்லித் தந்திருந்தார்கள்.

ஒரு நாள் இரவு நாய் குரைத்தது,
பிறகு குரைக்கவில்லை.
விடிய, எங்கள் அறை ஜன்னலில்
சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.
கோக்கி அதன்மேல் கடுதாசி ஒட்டினார்.
அன்று சந்தியாகு முட்டையைத் தொடவில்லை.
ஆறு வயது. எனக்கு ஒன்பது.
இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது:
ஒளிக்க வேண்டிய பிள்ளையை
சந்தைக்குச் சொல்லிவிட்டா ஒளிப்பார்கள்?

பதினொரு மாதம்.
பிறகு சப்பாத்தைக் கழற்றி எண்ணி எடுத்துக்கொண்டு
வந்த வழியே அனுப்பினார்கள்.

மடத்து அடுக்களையில் ஒருத்தி
வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
விரலிடுக்கெல்லாம் சிரங்கு. மொட்டை அடித்த தலை.
குனிந்தபோது கழுத்தில் தெரிந்தது
சிவப்பு நூல்.
நாற்பத்தேழு.

"அக்னேஸ்" என்று சிஸ்டர் கூப்பிட்டார்.
இருவரும் திரும்பினோம்.
எனக்கு முன்னால் அவள் திரும்பினாள்.

கொழும்பில் குண்டு விழுமென்று
ஊரே மூட்டை கட்டி ஓடிய வருடத்தில்
அவளை இங்கே வைத்திருந்தார்கள்,
துறைமுகத்துக்குப் பக்கத்தில், பேன் பிடித்த தலையணையில்,
எவனும் தேடிவரமாட்டாத என் பெயருக்குள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
வெறுங்காலைப் பார்த்தாள்.
குதிகாலில் சப்பாத்துக் கடித்த தழும்பையே பார்த்தாள்.
யாருடைய சப்பாத்து என்று
அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

சந்தியாகுவின் கட்டிலை
மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள்.
அதில் இத்தனை நாள் படுத்திருந்த பையன் எங்கே?
நான் கேட்கவில்லை. சிஸ்டர் சொல்லவில்லை.
சந்தியாகு அதை விரித்துப் படுத்தான்;
இரவு முழுக்கப் புரண்டான்.

விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டிய கார் ஒன்று
மணியடிக்குமுன் வந்து அவளைக் கொண்டுபோனது.
வெங்காயம் பாதிதான் உரித்திருந்தாள்.
கத்திப்பிடியில் அவள் கைச்சூடு இருந்தது.
மிச்சத்தை நான் உரித்தேன்.

மடத்துப் பதிவேட்டின்படி
நான் எங்கும் போகவில்லை.
ஜூனில் காய்ச்சல், நான்கு நாள்.
ஓகஸ்டில் வெள்ளை முக்காடு போட்டு
முதல் நன்மை வாங்கியிருக்கிறேன்.
மார்கழியில் ஒரு கோப்பையை உடைத்து
முழங்காலில் நின்றிருக்கிறேன்.

கலியாணத்துக்குச் சான்றிதழ் கேட்டபோது
அதைப் பார்த்துத்தான் எழுதித் தந்தார்கள்.
இரண்டு தரம் வாசித்தேன்.
பிழை ஒன்றும் இல்லை.